அத்தானின் ஐந்தடிச் சுவர்

மார்ச் மாதத்தில் ஒரு வேலைநாள் முற்பகல். பல்கலைக்கழக அறையில் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் அனிட்டா தொலைபேசியில் அழைத்தாள். இங்கே ஒக்லாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் தமிழில் கேட்டால் அவளிடமிருந்து ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அன்று அவள் தமிழில் பேசினாள். "சித்தி, அப்பா செத்திட்டார்" என்றாள். தந்தைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பிறகு அவளோடு நின்ற ஒரு பெண் தொலைபேசியை வாங்கி நடந்ததைச் சொன்னார். அத்தான் வேலைக்குப் போய் இறங்கிய இடத்திலேயே, கார் நிறுத்துமிடத்தில், விழுந்திருக்கிறார். அம்புலன்ஸ் வருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அருளப்பு அத்தானை ஒக்லாந்துத் தமிழர் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்தவர். கட்டடப் பொருள்கள் விற்கும் நிறுவனமொன்றில் கணக்காளர். தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் பிந்திவந்து கடைசி வரிசையில் நிற்பார். ஐஸ்கிரீம் டப்பாக்களில் தான் வேட்டையாடிய மான் இறைச்சியை நிரப்பிக்கொண்டு வந்து, பூசை முடிந்ததும் கார் டிக்கியைத் திறந்து பங்கு கொடுப்பார். அதனால் கோயிலில் அவருக்கு 'மான் அருளப்பு' என்று பெயர்.

அஞ்சலிக் கட்டுரைகளில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. இறந்தவர்கள் எல்லோரும் அவற்றில் ஒரே முகத்துடன் நிற்கிறார்கள். அத்தான் பிடிவாதக்காரர். ஒரு விஷயத்தைப் பிடித்தால் கேட்பவர் காது சலிக்கும்வரை விடமாட்டார். அக்கா சம்மதம் தந்த பிறகே இதை எழுதுகிறேன். "எழுது. ஆனா அவரைப் புனிதராக்காத" என்று மட்டும் சொன்னா.

போரின் கடைசிக் காலத்தில் அத்தானும் அக்காவும் எங்கள் அம்மாவும் அகதி முகாமில் இருந்தார்கள். நான் அப்போது ஒக்லாந்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த முகாமைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் சொன்னதுதான். அவர்களும் அதிகம் சொன்னதில்லை. தரப்பாள் கூடாரம் இடுப்புயரம்தான் இருந்தது. உள்ளே போவதென்றாலும் வெளியே வருவதென்றாலும் முழங்காலில் ஊர்ந்துதான். அம்மா அதற்குள்தான் காய்ச்சலில் இறந்தா. உள்ளே யாருக்கும் நிமிர இடம் இல்லாததால் அம்மாவைத் தூக்க முடியவில்லை. அத்தானும் அக்காவும் பாயோடு இழுத்து வெளியே எடுத்தார்கள். இதை அக்கா எனக்கு ஒருமுறை சொன்னா. இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.

அவர்கள் இங்கே வந்து பிளாட் புஷ்ஷில் வீடு வாங்கிய பிறகு, வேலைத்தலத்து நண்பர்கள் அத்தானை வேட்டைக்கு அழைத்துப் போனார்கள். தெற்கே சில மணி நேரம் ஓடி, மலைக்காட்டு ஓரத்தில் நைலான் கூடாரம் அடித்துத் தங்குவது. அந்த முதல் பயணத்தில் அத்தான் கூடாரத்துக்குள் படுக்கவேயில்லை. வாகனத்தின் முன் இருக்கையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்துவிட்டார். குறட்டைச் சத்தம் தாங்கவில்லை என்று நண்பர்களுக்குச் சொன்னாராம். எனக்கு வேறு காரணம் சொன்னார். "உள்ளுக்கை ஊர்ந்து போகேக்க கையும் காலும் விறைச்சுப்போச்சு. அந்தப் பாய்தான் கண்ணுக்குள்ள நிண்டது."

அப்படிப்பட்டவர் வேட்டையை விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் காடு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. அங்கே யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை என்றார். அக்காவுக்கும் அதைக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். அக்கா கூடாரம் என்ற சொல்லையே வீட்டில் அனுமதிக்கவில்லை. "அகதியாத் திரிஞ்சு வந்த மனுசனுக்கு இப்ப காசு குடுத்து அகதியாகோணுமாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பா. "மோர்ட்கேஜ் கட்டுறது ஒரு வீட்டுக்கு, படுக்கிறது காட்டுக்குள்ள."

அத்தான் ஒரு குளிர்காலம் முழுக்கக் கூடாரங்களைப் பற்றிப் படித்தார். வீடு மாதிரி நேரான சுவர்களும் மேலே சாய்ந்த கூரையும் வைத்துத் தைத்த கன்வஸ் கூடாரங்கள் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்சத்திலுள்ள என் வீட்டுக்குத் துணி மாதிரிகளோடு வருவார். புள்ளிவிவரம் படிப்பிக்கிறவள் என்பதால் என்னை 'ஆதாரம்' என்றுதான் கூப்பிடுவார். "ஆதாரம், இதைப் பிடிச்சுப் பாரும்" என்று கனமான துணியொன்றை மடியில் போடுவார். நைலானுக்குள் படுத்தால் நம்முடைய மூச்சே விடியும்போது தண்ணீராகத் தலையில் சொட்டும், பருத்திக் கன்வஸ் ஈரத்தை வெளியே விடும், உள்ளே விறகடுப்பு வைத்தாலும் தாங்கும், புகைக்குழாய்க்குத் தீப்பிடிக்காத துணியில் தனி ஓட்டை இருக்கும் என்று விளக்குவார். இவ்வளவு பாரத்தை யார் மலையில் சுமப்பது என்று கேட்டேன். யாரும் சுமப்பதில்லை, வாகனம் போகிற இடம்வரைதான் கூடாரமும் போகும் என்றார். நான் கேட்டவற்றில் ஒன்றுக்காவது அவரிடம் பதில் இல்லாமல் போகவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

வாங்கும் நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெற்கு ஒக்லாந்தில் வேட்டைச் சாமான்கள் விற்கும் கடை. உள்ளே மாதிரிக் கூடாரம் ஒன்று நின்றது. நாலடிச் சுவர் வைத்தது, ஐந்தடிச் சுவர் வைத்தது என்று இரண்டு வகை உண்டு என்றான் கடைக்கார இளைஞன். இரண்டு வேட்டைக்காரருக்கு நாலடியே போதும், நடுவில் நன்றாக நிமிரலாம், சுவர் ஓரத்தில் கட்டிலைத்தானே போடப் போகிறீர்கள், உயரம் கூடினால் காற்றும் கூடப் பிடிக்கும், சூடாக்க விறகும் கூட வேண்டும் என்று நியாயமாகத்தான் சொன்னான்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீர் அக்காவை விட ஒரு விரல்கடை உயரம். சுவர்க் கரையில போய் நில்லும்."

கடைக்குள், மற்றவர்கள் பார்க்க, நான் கூடாரத்தின் நாலடிச் சுவரோடு ஒட்டி நின்றேன். கூரை என் பிடரியை அமுக்கியது. நான் குனிந்து நிற்பதைப் பார்த்த அத்தானின் முகத்தில் இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு இளைஞன் சுவரின் கால்களை மாற்றி ஐந்தடிக்கு உயர்த்தினான். நிமிர்ந்தேன். உச்சந்தலையில் துணி பட்டும் படாமலும் இருந்தது.

"அக்காவுக்கு முட்டாது" என்றார். "கரையில நிண்டாலும் முட்டக்கூடாது. நடுவில மட்டும் நிமிரலாம் எண்டா அது வீடில்லை."

ஐந்தடிச் சுவரையே வாங்கினார். இருவர் போகும் வேட்டைக்கு நாலு பேர் படுக்கும் அளவில்.

புதுக் கன்வஸை முதலில் நனைத்துக் காயவிட வேண்டும். நனைந்தால் நூல் பருத்துத் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதற்காகப் பின்வளவுப் புல்தரையில் அதை அடித்தார். இரும்புக் குழாய்ச் சட்டத்தைத் தரையில் பொருத்தி, துணியை மேலே போர்த்து, ஒரு பக்கத்தைத் தூக்கிக் கால்களைச் செருகி, பிறகு மறுபக்கத்தைத் தூக்கவேண்டும். மறுபக்கம் தூக்கியவர் அவருடைய வேட்டைத் தோழர் முதலியார். பிஜியில் பிறந்த மின் வேலைக்காரர், சான்ட்ரிங்ஹாமில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் 'அண்ணா' ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆங்கிலம். அன்று அத்தான் சொன்ன இரண்டு விதிகள் எனக்கு இப்போதும் மனப்பாடம். "கதவுத் துணியை மூடிப்போட்டுத்தான் தரையில ஆணி அடிக்கவேணும். திறந்தபடி அடிச்சா பிறகு கதவு ஒருநாளும் பூட்டாது. மற்றது, ஈரத்தோட மடிக்கக்கூடாது. மடிச்சா பூஞ்சணம் துணியைத் திண்டுபோடும்."

ஒக்லாந்தில் குளிர்காலமானால் அலமாரிக்குள் தோல் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கும். அத்தான் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கராஜில் கயிறு கட்டி, துணி முறுகக் காயும்வரை கார்களை வீதியில் நிறுத்தினார்.

அந்த முதல் நாள் அக்கா அவருக்கும் முதலியாருக்கும் தேநீர் கொண்டுவந்தா. கூடார வாசல்வரை வந்து, கையை மட்டும் உள்ளே நீட்டிக் கோப்பையைக் கொடுத்தா. "இஞ்சாரும், ஒருக்கா உள்ளுக்கை வந்து பாருமன். நிமிர்ந்து நடக்கலாம்" என்றார் அத்தான். "நிமிர்ந்து நடக்கிறதுக்கு எனக்கு வீடு கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டா. முதலியாருக்கு மொழி புரியவில்லை. ஆனாலும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு வந்த ஆண்டுகளில் அத்தானும் முதலியாரும் அதில் எத்தனையோ முறை போய்வந்தார்கள். கூடாரத்தின் ஒரு பாதி எப்போதும் வெறுமையாகவே இருந்ததாம். சாமான்களைக்கூட அந்தப் பக்கம் வைக்க அத்தான் விடவில்லையாம். முதலியார் இதை எனக்கு இப்போதுதான் சொன்னார். ஒவ்வொரு ஆண்டும், ஆண் மான்கள் காடு அதிரக் கத்தும் ஏப்ரல் நெருங்கும்போது, அத்தான் அக்காவைக் கேட்பார். இந்த ஆண்டு அக்கா, "ஏப்ரல் வரட்டும், பாப்பம்" என்றா. அக்கா 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அத்தானுக்கும் தெரியும். அப்படியிருந்தும் போய் இரண்டாவது மடிப்புக் கட்டில் ஒன்றை வாங்கிவந்தார். இருந்து எழும்பச் சுகமாக, உயரக் கால் வைத்தது.

ஏப்ரல் வருமுன் அத்தானைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வீட்டு முன்னறை பெட்டியையும் சொந்தக்காரரையும்தான் கொள்ளும். மழை வேறு. வாடகைப் பந்தல் கிடைக்கவில்லை. அப்பாவின் டென்ட் கராஜில் இருக்கிறது என்று அனிட்டா சொன்னாள். கோயிலிலிருந்து வந்த ஆண்கள் முதலில் கால்களையெல்லாம் நட்டுவிட்டுத் துணியை மேலே எறிந்து பார்த்தார்கள். அது ஒவ்வொரு முறையும் சரிந்து அவர்கள் மேலேயே விழுந்தது. வேறு நாளென்றால் சிரித்திருப்போம். கடைசியில் ஒருவாறு நிமிர்த்தி, ஆணி அடிக்கப்போகும்போது ஒருவர் கதவை இழுத்து மூடப் பார்த்தார். வயதான பிலோமினா மாமி தடுத்தா. "செத்த வீட்டில வாசலைப் பூட்டுறதே? திறந்து விடுங்கோ, சனம் வரட்டும்."

ஆணிகள் கதவு திறந்தபடி அடிக்கப்பட்டன. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மாமியிடம் எதைச் சொல்வது? வேறு ஊரில் வேலையாயிருந்த முதலியார் வந்து சேர்ந்தபோது வாசல் துணி இரண்டும் ஒன்றையொன்று எட்டாமல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

சனம் வந்தது. கூடாரத்துக்குள் நாற்காலிகளில் இருந்து செபமாலை சொன்னது, தேநீர் குடித்தது. எத்தனை உயரமாயிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. அக்கா எழுந்து பின்வளவுப் பக்கம் வரவில்லை.

அடக்கம் முடிந்த பிறகும் மழை விடவில்லை. கூடாரத்தை அப்படியே விட்டிருந்தோம். காய்ந்த பிறகே மடிக்கவேண்டும், வார இறுதியில் வெயில் வரும், தானே வந்து கழற்றுவேன் என்று முதலியார் சொல்லியிருந்தார். தினமும் வேலை முடிந்து வந்து, வாசலால் புகுந்த தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றினார்.

அப்படி அவர் அள்ளிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அக்கா தேநீர் ஊற்றினா. கோப்பையை எடுத்துக்கொண்டு பின்கதவால் இறங்கி நடந்தா. நான் குடையோடு பின்னால் போனேன். கூடார வாசலில் நின்றா. அந்த முதல் நாளைப் போலவே கையை மட்டும் உள்ளே நீட்டினா. முதலியார் வாளியை வைத்துவிட்டு வந்து கோப்பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மழையில் நின்றார்.

அக்கா உள்ளே போனா. குனியவில்லை.

கூடாரச் சாமான்களோடு கராஜிலிருந்து வந்த புதுக் கட்டில் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் மூலையில் சாத்தியிருந்தது. அதைப் பார்த்தா, தொடவில்லை. நாற்காலிகளைக் கடந்து, கூரை தாழ்ந்து சுவரோடு சேரும் கரைக்குப் போய், முதுகைத் துணியில் படவைத்து நின்றா. உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைத்தா. அப்படியே மேலே எடுத்துக் கூரையைத் தொட்டா. இரண்டுக்கும் இடையில் கொஞ்சம் வெளி இருந்தது.

"முட்டேல்லை" என்றா.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாவென்று எனக்குத் தெரியாது. நான் அத்தானின் 'ஆதாரம்'. அன்று எதையும் அளக்கவில்லை.

வெளியே வந்ததும், "கழட்டச் சொல்லு" என்றா.

"அக்கா, துணி நனைஞ்சு கிடக்கு."

"தெரியும். இண்டைக்கே கழட்டச் சொல்லு. என்னால இதைப் பாத்துக்கொண்டிருக்கேலாது."

முதலியாருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆணிகளைப் பிடுங்கினார். சட்டத்தை இறக்கினோம். நனைந்த கன்வஸ் அத்தனை பாரமாயிருக்கும் என்று நான் எண்ணியதில்லை. மடிக்க மடிக்கத் தண்ணீர் வழிந்தது. முதலியார் ஒரு பழந்துணியால் ஒவ்வொரு மடிப்பையும் துடைத்தார். பயனில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பைக்குள் திணித்துக் கராஜ் மூலையில் வைத்தோம். கயிறு அத்தான் கட்டியபடியே இருக்கிறது. அதில் அதை விரிக்க அக்கா விடவில்லை.

இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது. கராஜைத் திறந்தால் இப்போது ஒரு மணம் வருகிறது. நான் பையைத் திறந்து பார்க்கவில்லை.

அத்தான், இறந்தவர்கள் கேட்கிறார்கள் என்று நான் நம்புகிறவள் இல்லை. உங்களுக்கு அது தெரியும். அதற்கு என்ன ஆதாரம் என்று நீங்களே என்னைக் கேலி செய்திருப்பீர்கள். ஆனாலும் இதை உங்களைத் தவிர வேறு யாருக்குச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அக்கா உள்ளே வந்தா. கரையில்தான் நின்றா. முட்டவில்லை.