தம்பியும் அவர் குளிப்பாட்டிய ஜீப்பும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேரைப் பெற்று வளர்த்தேன், ஒருவரைப் பெறாமல் வளர்த்தேன். பெறாமல் வளர்த்தவருக்குத்தான் இந்த நினைவு மலர்.

எனக்கு எழுத்து குறைவு. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி கவிதா எழுதுகிறாள். தம்பியை நான் வாழ்நாளில் ஒருமுறைகூட 'அவர்' என்று சொன்னதில்லை. அச்சில் வரும்போது மரியாதை வேண்டும் என்கிறாள். சரி, போட்டுக்கொள்ளட்டும். அவருக்குத் தகும்.

தம்பி அவர்கள் பிறந்தது பிரெஞ்சுக்காரர் காலத்தில், வில்லியனூருக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில். அவரைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டார்கள். நிலத்தை விட்டுவிட்டு அப்பா மில் வேலைக்கு வந்தார், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு பிடித்தார். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு வடித்தேன். பள்ளிக்கூடத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அழுதார், வாத்தியார் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். என் படிப்பு முடிந்தது அப்படித்தான். எனக்குக் கல்யாணம் ஆனபோது சீர் வரிசையோடு தம்பியும் வந்தார். என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனுஷர், அவரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. சக்கரம் வைத்தது எதுவானாலும் ஏறியது. எங்கள் பக்கத்தில் ஒரு முசே இருந்தார். தமிழர்தான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், தெருவே அவரை முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடும். கடலோரத்தில் அவருக்குச் சவுக்குத் தோப்பு இருந்தது. தோப்புக்குப் போய்வர ஒரு பட்டாளத்து ஜீப்பு வைத்திருந்தார். அதற்குத் தம்பி டிரைவர். மற்ற வண்டிகள் புதையும் மணலில் எல்லாம் அந்த ஜீப்பு போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் என்று தம்பி எனக்குச் சொல்லுவார். நான் "சரிடா" என்பேன். எனக்கென்ன தெரியும்.

முசே பிள்ளைகளோடு பிரான்சுக்குப் போகும்போது தம்பியைக் கூப்பிட்டு, "இது உன் பேச்சத்தான் கேக்குது, நீயே வச்சுக்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் தம்பி வண்டியின் மூக்கைத் தட்டி "போன்ழூர், முசே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்புவார். தெருவே சிரிக்கும். அவர் கவலைப்பட மாட்டார்.

அந்த ஜீப்பை ஓட்டித்தான் அவர் பிழைத்தார், கல்யாணம் செய்தார். கடைகளுக்குச் சாமான் ஏற்றுவார், சவுக்குக் கழி ஏற்றுவார். யார் வீட்டில் பிரசவ வலி என்றாலும் சாமானை இறக்கி வைத்துவிட்டு ஓடுவார். அந்த ஜீப்பில் போய்ப் பிறந்தவர்கள் இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிலேயே இருக்கிறீர்கள். உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வேலை இருந்தது. மாசி மகத்தன்று எங்கள் ஊர் முருகனை வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குக் கொண்டுவருவது தம்பியின் ஜீப்பு. அன்றைக்கு அவர் விரதம், புது வேட்டி, யாரோடும் பேச மாட்டார். சாமியோடு மட்டும் பேசுவார்.

பிறகு அவர் மனைவி தவறிவிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு மலர் வேண்டும். குழந்தை இல்லை. தம்பி என் வீட்டின் பின்கட்டுக்கே வந்துவிட்டார். ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அதுவும் தோட்டத்தில் நின்றது. நின்றது என்றால் நின்றே போனது. வருஷங்கள் போயின. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. மாசி மகத்துக்குச் சாமி வேறு வண்டியில் வர ஆரம்பித்தது.

ஆனால் ஆயுத பூஜையை மட்டும் அவர் விட்டதில்லை. வண்டியின் முன்மூடியைத் திறந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, என்ஜினுக்குத் தலை முழுக்காட்டுவார். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார். ஓடாத வண்டி பழத்தை எப்படி நசுக்கும்? மறுநாள் நான் எடுத்துச் சாதத்துக்குப் பிழிந்துவிடுவேன்.

கவிதாவுக்கு வரன் அமைந்தது சுனாமிக்கு மறுவருஷம், ஆயுத பூஜை சமயத்தில். வைகாசியில் கல்யாணம், வீட்டுத் தோட்டத்தில்தான் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது ஒரு பெரியவர் ஜீப்பைப் பார்த்துவிட்டு, "கோழிக்கூண்டு பெருசா இருக்குதே" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர்கள் போனதும் தம்பியைக் கூப்பிட்டேன்.

"டேய், இது ஓடுமா ஓடாதா? ஒரு வார்த்தை சொல்லு."

"ஓடும்க்கா."

"எப்ப? நான் போனப்புறமா?"

"மாசி மகத்துக்கு ஓடும். முருகன இதுலதான் கொண்டாருவேன்."

"அன்னிக்கு ஓடலன்னா மறுநாள் காயலான் கடைக்காரனக் கூப்பிடுவேன். அப்ப வந்து அக்கா நொக்கான்னு நிக்கக்கூடாது."

அவர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். "சரிக்கா" என்று சொல்லிவிட்டார். என் தம்பி சொன்ன சொல் மாற மாட்டார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் பட்டறைக்கு நானே ஆள் அனுப்பினேன்.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் வந்தார். ஹேண்டிலை மாட்டிச் சுற்றினார், அசையவில்லை. தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. என்ஜின் உள்ளே துரு ஏறி இறுகிவிட்டது என்றார். மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, கார்பரேட்டர் எங்க?"

தம்பி பூஜை அறைக்குப் போய், பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்தார். விபூதிப் பட்டை, பொட்டு எல்லாம் வைத்திருந்தது. மனைவி நோயில் படுத்த அன்று சுத்தம் செய்வதற்காகக் கழற்றியது. அதற்குப் பிறகு மாட்டவே மனம் வரவில்லை. அது இருந்த ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிட்டிருந்தார். அந்தத் துணியை இப்போது பாய் உருவினார். குங்குமச் சேறும் மக்கிய சாமந்தியும் வந்தன.

"வருஷா வருஷம் என்ஜினுக்கு அபிஷேகம் பண்ணது யாரு?" என்றார் பாய். "அத்தன தண்ணியும் இந்த வழியா உள்ளதான் போயிருக்கு. கார்பரேட்டர சாமி ரூம்ல வச்சுட்டு சாமிய மழையில வுட்டுட்டீங்களே!"

நாங்கள் எல்லோரும் தம்பியைப் பார்த்தோம். அவர் தலையைச் சொறிந்தார். "நானே குளிப்பாட்டி நானே ஜன்னி வர வச்சுட்டேனா?" என்று அவரே முதலில் சிரித்துவிட்டார். மனைவி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பாய் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். "புளி மாதிரி ஊறணும், அவசரப்படக்கூடாது" என்றார். தம்பி தினமும் ஊற்றுவார். வீடெல்லாம் டீசல் வாடை. ரசத்தில்கூட அடிக்கிறது என்று மருமகள் சொன்னாள். வாரத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கியரில் போட்டு, முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு தள்ளு. சக்கரம் அசைந்தால் உள்ளே இறுகியதும் நெகிழும் என்பது பாயின் கணக்கு. இதற்கு ஆள் வேண்டுமே! கல்யாணப் பத்திரிகை விஷயம் பேச வந்தவர்கள், பால்காரர், பூக்காரம்மாவின் பிள்ளைகள், வாசலில் தலை காட்டிய யாரையும் தம்பி விடவில்லை. ஒரு கை வைத்துவிட்டுத்தான் காப்பி. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், அந்தக் கோழிக்கூண்டு சொன்னவர், அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்.

ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆள் இல்லை என்று என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள்.

"அக்கா, கால எதும்மேலயும் வைக்காத!"

"வைக்கலடா."

"வச்சிருக்கற!"

"நான் கீழ இறங்கிடவா?"

தை பிறந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் கூடப்பிறந்த தம்பி, ஊர்க்கோயில் தர்மகர்த்தா. அவர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னா மாமா, இது சாமியத் தூக்குமா, சாமிதான் இதத் தூக்கணுமா? நான் மினி லாரிக்குச் சொல்லிட்டேன், உட்டுடு" என்றார். தம்பி நகர்ந்து இடம் விட்டார். "நீயும் ஒரு கை வையி மச்சான்" என்று மட்டும் சொன்னார். மச்சானும் வைத்தார். அந்தத் தள்ளில்தான் நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்குக் கீழே 'கடக்' என்று ஒன்று அறுந்த மாதிரி சத்தம் கேட்டது. வண்டி ஒரு சாண் நழுவியது. எனக்கு அடி வயிறு வரைக்கும் அது தெரிந்தது. "டேய், உள்ள ஏதோ வுட்டுச்சுடா!" என்று நான்தான் முதலில் கத்தினேன். இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு பாய் என்ஜினைப் பிரித்துத் துருவைத் தேய்த்து, தேய்ந்ததை மாற்றி, கார்பரேட்டரைப் பொட்டோடேயே மாட்டினார். மாசி மகத்துக்கு முந்தின வாரம் அது இருமியது, தும்மியது, கறுப்பாகப் புகை விட்டது, பிறகு ஓடியது. தம்பி வீட்டுக்கு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஆனால் மச்சான் மினி லாரிக்குச் சொன்னது சொன்னதுதான். "திடீர்னு நடு ரோட்டுல நின்னா ஊருக்கு யாரு பதில் சொல்றது?" அவர் கேட்டதும் நியாயம். ஆகவே மாசி மகத்தன்று முருகன் லாரியில் முன்னே போனார். தம்பி புது வேட்டியோடு ஜீப்பில் பின்னே போனார். வெறும் ஜீப்பு. பக்கத்தில் நான். புறப்படும்போது அவர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். நான்கும் நசுங்கின. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. முருகனை இதில் கொண்டுவருவேன் என்று சொன்ன சொல் தவறிவிட்டது என்று அவர் நினைத்தார்.

"காயலான் கடைக்காரனக் கூப்பிடுக்கா. சொன்னது சொன்னதுதான்" என்றார்.

"வாய மூடிட்டு ஓட்டு" என்றேன்.

வைத்திக்குப்பத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒவ்வொரு சாமியாகக் கடலுக்கு இறங்குகிறது. எங்கள் லாரி மணலில் கொஞ்ச தூரம் போனது, உறுமியது, பின்சக்கரம் பள்ளம் பறித்துக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. முருகன் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். மேலே இருந்த குருக்கள் சாமியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எத்தனை பேர் தள்ளியும் அது இன்னும் புதைந்ததே தவிர வரவில்லை. பின்னால் வேறு ஊர்ச் சாமிகள் காத்து நிற்கின்றன. மச்சான் வேர்த்துப் போய் ஓடி வந்தார்.

"மாமா..."

தம்பி ஜீப்பை லாரிக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி, ஜீப்பின் டயர்களில் காற்றைப் பிடுங்க ஆரம்பித்தார். யாரோ, "யோவ் பெருசு, பஞ்சர் பண்ணிக்கினு எப்படிய்யா இழுப்ப?" என்றார்கள். "டயரு நல்லாப் பரந்தாதான் மணல்ல மிதக்கும், சும்மா இரு தம்பி" என்றார் இவர். மீனவப் பிள்ளைகள் படகுக் கயிறு கொடுத்து, அவர்களே முடிச்சும் போட்டார்கள். ஏறப் போகும்போது என்ஜின் அணைந்துவிட்டது.

அவ்வளவு கூட்டமும் 'ப்ச்' என்றது. தம்பி அவசரப்படவில்லை. முன்னே போய், மூக்கைத் தட்டி, "போன்ழூர், முசே" என்றார். ஹேண்டிலை ஒரு சுற்று. பிடித்துக்கொண்டது!

நான்கு சக்கரமும் மெல்லக் கடித்தது. கயிறு விறைத்தது. லாரி, முருகன், குருக்கள் எல்லாம் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார்கள். தம்பி நிறுத்தவில்லை. அப்படியே தண்ணீர் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த்தான் நிறுத்தினார். ஆக, முருகனை ஜீப்புதான் கொண்டுபோனது. 'அரோகரா' என்று கூட்டம் போட்ட சத்தம் யாருக்கு என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மச்சான் தம்பியைக் கட்டிக்கொண்டு, "அடுத்த வருஷம் லாரி இல்ல மாமா" என்றார். சொன்னபடி செய்தார். அதற்காக இப்போதும் அவருக்கு என் கும்பிடு.

வைகாசியில் ஜீப்பை நகர்த்தாமலேயே பந்தல் போட்டோம். மாப்பிள்ளை அழைப்புக்கும் அதுதான் போனது. கோழிக்கூண்டுப் பெரியவர் முன்சீட்டு தனக்குத்தான் என்று அடம் பிடித்தார்.

சர்க்கரை வியாதி தம்பியைக் கடைசி வருஷத்தில் உருக்கிவிட்டது. கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் அவரை நல்லபடியாகப் பார்த்தார்கள். இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் என் மூத்த மகன் ஜீப்பில்தான் கூட்டி வந்தான். தம்பி வழியெல்லாம் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "ரெண்டாவது சிலிண்டர் கொஞ்சம் தட்டுது, பாய் கிட்ட சொல்லு" என்றார். மறுநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஏதோ பெரிய விஷயம் என்று காதைக் கொடுத்தேன்.

"அக்கா, ஆயுத பூஜைக்குத் தண்ணி ஊத்தாத. ஈரமில்லாத துணியால தொட."

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அடுத்த விடியலில் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி. காதர் பாய்க்கு நன்றி. அவர் இன்றும் மாதம் ஒருமுறை வந்து ஜீப்பைப் பார்த்துவிட்டுக் காப்பி மட்டும் வாங்கிக்கொள்கிறார். கயிறு கொடுத்த வைத்திக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு நன்றி. எங்கள் தோட்டத்தில் ஜீப்புக்குக் கை வைத்துத் தள்ளியவர்களே கடைசியில் என் தம்பிக்குத் தோள் கொடுத்தார்கள். உங்கள் எல்லோரையும் முருகன் நன்றாக வைக்கட்டும்.

அவர் இல்லாத முதல் ஆயுத பூஜைக்குப் பிள்ளைகள் பழக்கத்தில் குடத்தோடு வந்துவிட்டார்கள். நான் குறுக்கே நின்று, குடத்தை வாங்கித் துளசிக்கு ஊற்றினேன். பழைய வேட்டித் துணியால் நானே துடைத்தேன். அவர் வேட்டிதான். எலுமிச்சம்பழம் வைத்தேன். மூக்கைத் தட்டி, அவர் சொல்லுகிற அந்த வார்த்தையையும் எனக்கு வந்த மாதிரி சொன்னேன். மகன் ஹேண்டிலை ஒரு சுற்றுதான் சுற்றி வண்டியை எடுத்தான். நான்கு பழமும் நசுங்கின.

கவிதா, இது போதும். எங்கே, முதலிலிருந்து படி. மெல்லப் படி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படி, தோட்டத்தில் நிற்பதற்கும் கேட்கட்டும்.