ஒரே அளவாகத் தெரிந்த இரண்டு வட்டங்கள்

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. படக்காரர் என்றால்தான் தெரியும். கண்ணின் பின்சுவரைப் படம் எடுப்பது அவர் வேலை. முதல் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட ஒன்பதடிக்கு ஏழடி அறையில் இருபத்தாறு வருடம் ஒரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கோப்பு அறை என் பொறுப்பு. அவர் எடுத்த படங்கள் அவ்வளவும் என் கை வழியாகத்தான் போயின. கலங்கிய படம் என்று ஒன்று வந்ததில்லை. கேமரா முன்னால் தாடையை வைக்கத் தயங்குபவர்களிடம், "கல்யாணப் படமா எடுக்கிறேன்? சிரிக்க வேண்டாம், நேரா பாருங்க, போதும்" என்பார்.

பார்வை நரம்பு கண்ணுக்குள் வந்து சேரும் இடம் படத்தில் ஒரு வெளிர் வட்டமாகத் தெரியும். நடுவில் குழி, குழியைச் சுற்றி இளஞ்சிவப்பு விளிம்பு. கிளாகோமா என்ற கண் நோய் வந்தால் நரம்பு இழைகள் அழியும், விளிம்பு மெலியும், குழி அகலும். ஆனால் பிறவியிலேயே வட்டம் பெரிதாக உள்ளவர்களுக்கும் குழி பெரிதாகத்தான் இருக்கும். அவர்களுக்கு இழைகள் குறைந்திருக்காது. பெரிய வட்டத்தில் பரவி நிற்கும், அவ்வளவே. அதனால் குழியைப் பார்ப்பதற்கு முன் வட்டத்தை அளக்க வேண்டும்.

படக்காரருக்கு அப்படிப்பட்ட பெரிய வட்டம். முப்பத்து நான்காம் வயதில் யாரோ அவருக்கு கிளாகோமா என்று சொல்லிவிட, ஐந்து மாதம் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார். கடைசியில் பெரிய டாக்டரம்மா அளந்து பார்த்து, "உங்க கண்ணு பொறந்ததிலேருந்தே இப்படித்தான். போய் வேலையைப் பாருங்க" என்றார். அந்த ஐந்து மாதத்தை அவர் மறக்கவே இல்லை.

அவருக்கு ஒரே அக்கா. கணவரை இழந்தவர், தம்பி வீட்டிலேயே இருந்தார். சீருடை தைக்கும் பட்டறையில் காலர் வைக்கிற வேலை. ஐம்பத்திரண்டாம் வயதில் கண்ணாடி மாற்ற வந்தபோது, இரண்டு கண்ணிலும் குழி பெரிதாக இருப்பதாக ஓர் இளம் டாக்டர் எழுதி, சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்துக்கு, அக்காவும் தம்பியும் என் அறைக்கு வந்து இருவர் கோப்பையும் கேட்டார்கள்.

"மருந்து போட்டா கண்ணு ரத்தமாச் சிவக்குதுடா. மேஸ்திரி கேக்குறார், தினமும் அழுதுட்டுத்தான் வேலைக்கு வருவீங்களான்னு."

"நீ என்ன சொன்னே?"

"உங்க முகத்தை நினைச்சா வேற என்ன வரும்னேன்."

தம்பி சிரித்துக்கொண்டே இரண்டு படங்களையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பாருக்கா. வட்டமும் ஒரே அளவு, குழியும் ஒரே அளவு. அப்பா நமக்குக் குடுத்த கண்ணு இது. எனக்கும் இதையேதான் நோய்னாங்க."

"அப்போ மருந்து?"

"எதுக்குப் போட்டு எரிய விடுறே? தூக்கிப் போடு."

நாலு முப்பத்தைந்துக்குக் கோப்புகள் திரும்பி வந்தன. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

அந்தக் கேமராவில் இரண்டு கோணங்கள் உண்டு. ஐம்பது டிகிரியில் வைத்தால் பரப்பு அதிகம் விழும், வட்டம் சின்னதாகத் தெரியும். முப்பதில் வைத்தால் அதே வட்டம் பெரிதாகத் தெரியும். படக்காரரின் பழைய படம் ஐம்பதில் எடுத்தது. அக்காவின் படம் முப்பதில். எண்கள் படங்களின் மூலையிலேயே அச்சாகியிருந்தன. தாளில் இரண்டும் ஒரே அளவு என்றால், அக்காவின் வட்டம் உண்மையில் சிறியது. சாதாரண வட்டத்தில் அவ்வளவு பெரிய குழி இருந்தால் அது நோய்தான். புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பவர் அவர். அன்று மூலையைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அக்காவின் கோப்பில் ஆறு வருடமும் இரண்டு மாதமும் எந்தப் பதிவும் இல்லை. பிறகு ஒரு நாள் பட்டறைப் படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கடைசிப் படி கண்ணில் படவில்லை என்றார். பெரிய டாக்டரம்மா அளந்தார். வட்டம் சாதாரணம். மேல் விளிம்பு நூலாகத் தேய்ந்திருந்தது. இடது கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, வலது கண்ணில் கீழ்ப்பாதி இல்லை. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு அக்கா சொன்னது கோப்பில் ஏறியது: எரிச்சல் தாங்காமல் தானாகவே நிறுத்தினார்.

மறுநாள் காலை படக்காரர் என் முன்னால் நின்றார். "அண்ணே, அந்த வரியை மாத்துங்க. நான் சொல்லித்தான் நிறுத்தினாங்கன்னு எழுதுங்க."

"நோயாளி சொன்னதை நான் மாத்த முடியாது தம்பி. அவங்களே வந்து சொல்லணும்."

பதினொரு மணிக்கு, கையில் மாவுக்கட்டோடு இருந்த அக்காவை அழைத்து வந்தார்.

"எழுதினது சரிதான்" என்றார் அக்கா. "தூக்கிப் போட்டது என் கை."

"அக்கா, அன்னிக்கு இவர் இங்கேதான் இருந்தார். இவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். உன் வேலையும் போச்சுன்னா என்னை யாருடா பார்த்துக்குவா? இனிமே ஊசியில நூல் கோக்க முடியுமா என்னால?"

அக்கா எழுந்து காலால் நிலைப்படியைத் தேடினார். தம்பி அவர் முழங்கையைப் பிடித்தார். என் எதிரில் அதை உதறிவிட்டு, வராந்தாவுக்குப் போன பிறகு அக்காவே கையை நீட்டினார்.

பதினொன்று இருபதுக்குக் கோப்பை அதன் இடத்தில் வைத்தேன். மருந்து போட்டும் வலது கண் பார்வை மெல்ல மெல்லக் குறைந்துதான் போனது. நான் வேலையில் இருந்த கடைசி இரண்டு வருடம் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நான் ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை படக்காரர் அக்காவைக் கூட்டி வந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தைப் புரட்டி, நின்றபடியே அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கோப்பை டாக்டரிடம் எடுத்துப் போவார்.