மெயின் சுவிட்ச் வழியாகப் போன வயர்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டுகிறவர் ஸிராஜ். முன்னர் முச்சக்கர வண்டிகளுக்கு வயரிங் செய்தவர். படகு எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதி மூலம் கரைக்கு அறிவிக்கும் இந்தக் கருவி கட்டாயமானபோது கடல் பக்கம் வந்தார்.

அன்டனாவைக் கூரையின் உச்சியில்தான் வைப்பார். அங்கே மீன் காயப்போடுகிறவர்களோடு அதற்காகச் சண்டையும் பிடிப்பார். வயர் இறங்கும் துளையை இரண்டு தரம் பசை வைத்து அடைப்பார். மின்சாரத்தை நேரே பற்றரியிலிருந்து எடுப்பார். அப்போதுதான் கருவியை யாரும் நிறுத்த முடியாது.

மீராசாஹிபு ஹாஜியாரின் படகில் மட்டும் அதை மீறினார். ஜும்ஆவுக்காக வியாழன் பின்னேரமே கரையோரம் நங்கூரமிடும் படகு அது. பற்றரியும் பழையது; கருவி ஓடிக்கொண்டே இருந்தால் இறங்கிவிடும்.

“சும்மா நிக்கிற போட்டுக்கு என்னத்துக்குடா காவல்? சனிக்கிழமை எஞ்சின் ஸ்டார்ட் எடுக்குதில்ல. மெயின் சுவிட்சோட சேர்த்து உடு மகன்” என்றார் ஹாஜியார்.

“அது சரிவராது ஹாஜியார்.”

“கடலுக்கு நீயா போறா? ஒன்ட மச்சான்ட்டக் கேளு.”

படகோட்டி அஹ்ஸன், ஸிராஜின் தங்கை நஸ்லாவின் கணவன். அவன் சிரித்தான். “செய்ங்க மச்சான். கடல்ல வெச்சி நான் ஓஃப் பண்ண மாட்டன்.”

ஸிராஜ் வயரை மாற்றினார். இனி மெயின் சுவிட்சை அணைத்தால் கருவியும் நின்றுவிடும்.

போன செவ்வாய் விடியற்காலை அந்தப் படகின் சமிக்ஞை நின்றது. கடலில் காற்று. வியாழன் காலை ஸிராஜ் நஸ்லாவை அழைத்துக்கொண்டு, கரையில் படகுகளைக் கண்காணிக்கும் அதிகாரி சுலக்சனிடம் போனார். கணினித் திரையில் படகின் புள்ளி செவ்வாய்க்கிழமை நின்ற இடத்திலேயே இருந்தது. ரேடியோவில் கூப்பிட்ட வேறு படகுகளுக்கும் பதில் இல்லையாம்.

“கரன்ட் எங்க இருந்து எடுத்தநீங்க?” என்று சுலக்சன் கேட்டார்.

ஸிராஜ் தலைகுனிந்தார். “மெயின் சுவிட்ச்ல இருந்து சேர். என்ட பிழைதான்.”

சுலக்சன் கதிரையில் சாய்ந்தார். “அப்ப பற்றரிய மிச்சம் பிடிக்க ஓஃப் பண்ணியிருப்பாங்க. நேரா பற்றரியில இருந்திருந்தா இப்பவே தேடச் சொல்லியிருப்பன். சனிக்கிழமை வரைக்கும் பாப்பம்.”

“அவன் ஓஃப் பண்ண மாட்டன் எண்டவன் சேர்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றவங்க, ஸிராஜ்.”

“என்ட பிழையெண்டு எழுதித் தாறன் சேர். நான் பிழையாப் பூட்டினதுக்கு போட்ல போனதுகள் என்ன செய்யும்?”

“எழுதினாலும் இதுதான் கதை. நாளைக்கு ஒருக்கா கோல் எடுங்க.”

நஸ்லா அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தாள். “காக்கா, ஓஃப் பண்ணினதெண்டா நல்லந்தானே? அப்ப ஒண்டும் நடக்கல்லதானே?”

கருவி நின்றது அணைத்ததாலா, படகுக்கு ஏதும் ஆனதாலா என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்தவர் அவர்தான். அவள் முகத்தைப் பார்த்து, “ஓம்” என்றார்.

வெளியே வந்ததும் அவள் மாமியாருக்குத் தொலைபேசி எடுத்தாள். “அழாதீங்க மாமி. அவரு ஓஃப் பண்ணித்தான் வெச்சிரிக்காராம். காக்காவே சொல்லிட்டாரு. ஓம், அவருதானே பூட்டின.”

ஸிராஜ் அவளைத் தடுக்கவில்லை.