ஆம்ப்ளிஃபயருக்கு டோல்

மலையாளம் கலந்த தமிழ் பேசும் கரமனையில் எங்கள் தெருவுக்கென்று ஓர் இசைக்குழு இருந்தது. மொத்தம் இரண்டு பேர்: நானும் எதிர்வீட்டு நண்பனும். சினிமாப் பாட்டைத் தொட மாட்டோம், சொந்தப் பாட்டுதான். அதனால் எங்களை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டதில்லை. சொந்தச் செலவில் ஒரு கேசட் போட்டோம். அதில் நான் எழுதிய ஒரு வரியை என்னைக் கேட்காமலே அவன் மாற்றிப் பாடிவிட்டான். சண்டை வந்து சொத்துப் பிரித்தோம். ஸ்பீக்கர் இல்லாத கீபோர்டு அவனுக்கு, ஆம்ப்ளிஃபயர் எனக்கு. ஒன்றில்லாமல் மற்றது ஊமை. எட்டு மாதம் பேச்சில்லை. வீராப்பாகத் திரிந்தேனே தவிர, அவன் இல்லாமல் எனக்கு ஒரு பாட்டும் வரவில்லை.

அப்போது சாலைகளைத் தனியாருக்குக் கொடுத்து, போகிற வண்டிக்கெல்லாம் டோல் வாங்க விடலாமா என்று ஊரெல்லாம் வாக்குவாதம். எங்கள் குடியிருப்போர் சங்கமும் ஒரு விவாதக் கூட்டம் வைத்தது. கட்சிக்கு ஒரு பாட்டு. கொடுக்கலாம் என்பவர்கள் அவனைப் பிடித்தார்கள், கூடாது என்பவர்கள் என்னை. தலைமை தாங்கியவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மேசையில் மணி. ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் தொடரலாம்.

ஆம்ப்ளிஃபயரில் மைக்கை மாட்டி, சுருதியே இல்லாமல் முழங்கிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்து அவன் ஏறிக் கீபோர்டை அழுத்தினான். சத்தமில்லை. நான் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் தலைவரிடம் முறையிட்டான். "சாரே, அது ரெண்டு பேருக்கும் பொதுவாக்கும். பொதுச்சொத்தை ஒருத்தன் பிடிச்சு வச்சா எப்படி?"

"என் பொருள், என் இஷ்டம்!" என்று கத்தினேன்.

இரண்டு பக்கமும் கைதட்டிவிட்டுத்தான், கட்சி மாறிப்போனதை உணர்ந்தார்கள். அதன்பின் சாலையை எல்லோரும் மறந்தே போனார்கள். அரை மணி நேரம் ஆம்ப்ளிஃபயர்தான் விவாதம். பக்திப் பாட்டுக்கு மட்டும் டோல் வாங்கக் கூடாது என்று ஒரு மாமி திருத்தம் கொண்டுவந்தார்.

தலைவர் ஒரு தட்டு தட்டி, ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். "ரோடு இவன் கையிலயே இருக்கட்டும். வண்டி போகட்டும். டோல் உண்டு. பாட்டு ஒண்ணுக்கு அவன் இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், கேட்டோ."

அவன் ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது இறங்கிப் போய்விட்டால் இனி எப்போதும் இல்லை என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"வால்யூம் கூட்டு" என்றான்.

"ரெண்டு வார்த்தை!" என்றார் தலைவர், டிக்கெட் கிழிக்கும் அதே முகத்தோடு. "ஒண்ணு கூடுதல். பாக்கி நீ குடுடே."

"சரிடா" என்றேன். ஒயரை நானே மாட்டினேன்.

டபுள் பெல். சாலையைப் பற்றிப் பாட வந்தவன் எங்கள் கேசட் பாட்டை எடுத்தான். அந்த வரி வந்தபோது, நான் எழுதினபடியே பாடினான்.