வாட்ச்மேனிடம் யாரும் சொல்லவில்லை

சென்ற மாதம் ஒரு காலை, ஷார்ஜாவில் ஒரு லேபர் கேம்ப் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். செல்வத்தை வழியனுப்ப.

செல்வம் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கிரேன் ஆபரேட்டர். பல வருடங்களுக்கு முன்பு கேம்ப் கிச்சனில், அடுப்பு யாருக்கு முதலில் என்று ஒரு தகராறு. செல்வத்தின் கையில் கரண்டி இருந்தது. எதிரில் ஒரு மண்டை இருந்தது. அப்புறம் என்ன... போலீஸ், கோர்ட், கொஞ்ச நாள் ஜெயில். மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பாமல் விட்டதே பெரிய விஷயம்.

திரும்பி வந்தவருக்கு கேம்ப் ஒரு பட்டம் வைத்திருந்தது. அங்கே நாலைந்து செல்வம். குண்டு செல்வம், கண்ணாடி செல்வம்... இவர் ஜெயில் செல்வம். கேலி என்றுகூடச் சொல்ல முடியாது. ஆளைப் பிரித்துச் சொல்ல வேண்டுமே!

இந்த வருடம் அபுதாபி பக்கம் நல்ல வேலை கிடைத்தது. ஒரே கண்டிஷன் — போலீஸ் நற்சான்றிதழ். ஆன்லைனில் விண்ணப்பிக்க என்னிடம் வந்தார்.

"சார்... அது வந்துருமா?"

அது என்றால் கரண்டி.

வரவில்லை. சின்னக் குற்றமாக இருந்து, தண்டனை முடிந்து, சில காலம் வேறு வம்புக்குப் போகாமல் இருந்தால், பழைய பதிவைத் தானாகவே மூடிவைக்கும் சட்டங்கள் இப்போது பல நாடுகளில் இருக்கின்றன. யார் காலிலும் விழ வேண்டாம். செல்வம் அந்தச் சான்றிதழை மொபைலில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். நான் ஏசி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, கேம்ப் வைத்திருக்கும் பதிவை யார் மூடுவது? ரூமில் மீட்டிங் போட்டார்கள். புது கம்பெனி ஆட்கள் காதில் அந்தப் பெயர் விழக்கூடாது.

"இனிமே அந்தப் பேரச் சொல்றவன் ஒரு வாரம் பாத்ரூம் கழுவணும், ஆமா!"

எல்லோரும் தலையாட்டினார்கள். வாட்ச்மேனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

புது கம்பெனி வேன் வந்து நின்றது. டிரைவர் ஒரு மலையாளி. இறங்கி, "செல்வம்?" என்றார். வாட்ச்மேன் பெஷாவர்க்காரர், உதவி செய்வதில் அவருக்கு அலாதி ஆர்வம். வண்டி வந்துவிட்டது என்று மாடியைப் பார்த்து முழுக் குரலில் இந்தியில் கத்தினார்.

"ஏ ஜெயில் செல்வம்! காடி ஆ கயா! ஜல்தி!"

செல்வம் பையோடு படியிலேயே நின்றுவிட்டார். டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கி வேனில் வைத்தார், அவ்வளவுதான். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. நேரில் கேட்காத ஆள்தானே போய் நாலு பேரிடம் சொல்லுவான்?

சில நாள் கழித்து போன் செய்தேன்.

"ரூம் எப்படி?"

"நல்லா இருக்கு சார். ஆனா இங்கயும் ஏற்கெனவே ஒரு செல்வம் இருக்கான்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ உங்களை எப்படி..."

"மொத நாளே அந்தப் பேச்சு வந்துருச்சு சார், ரெண்டு பேரையும் எப்படிக் கூப்பிடறதுன்னு. நான் வாயே தெறக்கல. அந்த டிரைவர் சேட்டன்தான் பேர் வச்சாரு..."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"புது செல்வம்னு."

போலீஸ் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிடலாம். இப்படி ஒரு டிரைவருக்கு எங்கே விண்ணப்பிப்பது?