பெட்டிக்குள் திருச்சி

கும்பகோணத்தில் பஸ் ஏறி, திருச்சி வரைக்கும் என் பக்கத்து இருக்கையில் வந்தார் அவர். அத்தர் மணம், நரைத்த தாடி, ஒரு நொடியும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த முழங்கால். துபாயில் பழைய சரக்கு விமானங்களுக்கு வழி சொல்லும் கணினிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாராம். மாதாமாதம் விமான நிலையங்களின் புது விவரங்களை அவற்றில் ஏற்ற வேண்டும். பழைய பெட்டி, நினைவகம் சிறியது. ஒன்றை ஏற்ற இன்னொன்றை அழிக்க வேண்டும்.

“திருச்சியை மட்டும் நான் அழிக்க விட்டதில்லைங்க.”

“உங்க விமானம் திருச்சிக்கு வருமா?”

“எங்க வருது! ஒரு தடவைகூட வந்ததில்ல. கூட வேலை பாக்குற மலையாளி கோழிக்கோட்டை விடமாட்டேங்குறான். இந்த மாசம் ரெண்டுல ஒண்ணுக்குத்தான் இடம். நான் இல்லாத நேரமாப் பாத்து திருச்சியைத் தூக்கிடுவான் சார், பாவி.”

“அதுக்காகவா துபாய்க்குக் கிளம்பிட்டீங்க?”

“லீவு இன்னும் பாதி இருக்கு. ஆபீஸ்ல கூப்பிட்டாங்கன்னு வீட்டுல சொல்லிட்டேன். சம்சாரம் வாசலுக்குக்கூட வரல.”

நடவு முடிந்த வயல்கள் ஜன்னலில் பச்சையாய் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. “கொஞ்சம் மிதிங்கண்ணே!” என்று ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார். ஊரைக் காப்பாற்ற, ஊரைவிட்டு அத்தனை அவசரமாக ஓடியவரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.