அப்பா விரட்டிய தூசி

இன்று நான் நாலு மாடி நிற்காமல் ஏறுவேன். ஏழு வயதில் நாலு படி ஏறினாலே நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் அப்பாவின் தறி ஷெட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அப்பாவுக்கு ரிப்பேர் பார்க்க வராத பொருளே கிடையாது; மிக்ஸி, மோட்டார் எல்லாம் அவர் கைக்கு அடங்கும். நான்தான் அடங்கவில்லை.

"புள்ளைக்கு வீசிங்குங்க. தூசியே ஆகாது" என்றார் டாக்டர்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை தறிகளை நிறுத்திவிட்டுக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இழுத்து வந்தார். "இன்னிக்கு ஒரு பொட்டுத் தூசி இல்லாமப் பண்ணிப்போடறேன் பாரு அம்மணி" என்று பைப்பை எடுத்து ஊதினார் பாருங்கள்! வருஷக்கணக்காக ஷெட் கூரையில் தூங்கிக்கொண்டிருந்த பஞ்சுத் தூசி மொத்தமும் எழுந்து, ஜன்னல் வழியே நேராக எங்கள் சமையலறைக்குக் குடிவந்தது.

"ஏனுங்க, நிறுத்துங்க!" என்று அம்மா கத்தியது அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்? அவள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டதாம். பைக்கில் இருவருக்கும் நடுவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெபுலைசர் மாஸ்க் வைத்து அரைமணி கழித்துத்தான் மூச்சு சீரானது. அப்பா உள்ளே வரவே இல்லை.

பனிக்காலம் முடியும்வரை அன்னூர்ப் பெரியம்மா வீட்டில் இருக்கட்டும் என்று என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். சுற்றிலும் வாழைத்தோட்டம், நல்ல காற்று. ஞாயிறுதோறும் இஸ்திரிச் சட்டையில், ஈரத் தலையோடு அப்பா வருவார். கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். நான் ஓடினால் இரண்டு அடி பின்னால் போவார்.

"அங்கயே நில்லு கண்ணு."

ஊரில் என்னைத் தோளைவிட்டு இறக்காத மனுஷன்! எனக்கு அழுகையும் ரோஷமும் சேர்ந்து வந்தது. "நான் சீக்காளிங்கறதாலதானுங்கப்பா தூக்கமாட்டேங்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

அன்று நான் சோறு தின்னவில்லை. என் நோய் தனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா பயப்படுகிறார் என்றே நினைத்தேன். வீட்டில் குளித்தது போதாதென்று, வழியில் பெட்ரோல் பங்க் குழாயில் மறுபடி தலையை நனைத்துக்கொண்டு வந்தும், ஒரு இழைப் பஞ்சு தன்மேல் மிச்சமிருக்குமோ என்று அவர் நடுங்கியது அப்போது எனக்குத் தெரியாது.